கொடைக்கானல் நில விலை: வருடா வருடம் ஏறுகிறதா, ஏறுவதாகச் சொல்கிறார்களா?

ஏரிச்சாலை (இழையைத் தொடங்கியவர்)

ஒவ்வொரு ஜனவரியிலும் இங்கே யாராவது ஒருவர் வந்து "கொடையில் இந்த வருடம் சென்ட் எவ்வளவு ஏறியது?" என்று கேட்கிறார். பத்துப் பேர் பத்துத் தொகை சொல்கிறார்கள். இழை அத்தோடு செத்துவிடும். இந்தத் தடவை தொகையை ஒதுக்கிவைத்துவிட்டு, வருடா வருடம் என்ன நடந்தது என்று பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

கொடைக்கானலுக்கென்று நம்பத்தகுந்த விலைக் குறியீடு கிடையாது. தேசிய வீட்டுவசதி வங்கி வெளியிடும் ரெசிடெக்ஸ் குறியீடு ஐம்பது நகரங்களுக்கு வருகிறது, அதில் கொடையும் இல்லை, ஊட்டியும் இல்லை. நம்மிடம் இருப்பது மூன்று விலைகள்: புரோக்கர் போனில் சொல்வது, கைமாறும் தொகை, பத்திரத்தில் ஏறுவது. இந்த மூன்றும் ஒன்றாக இருந்து நான் பார்த்ததில்லை. "20 சதவீதம் ஏறிவிட்டது" என்று ஒருவர் சொன்னால் இந்த மூன்றில் எது ஏறியது என்று கேளுங்கள்.

இனி வருடக் கணக்கு. பழைய கதை எல்லோருக்கும் தெரியும்: 1990-இல் மலைப் பகுதியில் கட்டடங்களையும் மனைப்பிரிவுகளையும் கட்டுப்படுத்தும் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் (நாம் ஹாகா என்கிறோம்), 1993-இல் கொடைக்கானல் மாஸ்டர் பிளான், அப்புறம் அனுமதியை மீறி ஏழு மாடி எழுப்பிய பிளசண்ட் ஸ்டே ஹோட்டல் வழக்கு. நான் 2016-இலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இன்றைய சந்தை அங்கேதான் பிறந்தது.

2016 செப்டம்பர் 9 அன்று அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அடுத்த இரண்டே மாதத்தில், நவம்பர் 8 அன்று, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது. அங்கீகாரம் இல்லாத மனையும் ரொக்கமும்தான் கொடைச் சந்தையின் இரண்டு கால்கள். இரண்டும் ஒரே வருடத்தில் முறிந்தன.

2017 ஜூன் 9 முதல் தமிழ்நாட்டில் வழிகாட்டி மதிப்பை (பத்திரப்பதிவுக்கு அரசு வைக்கும் நில மதிப்பு) 33 சதவீதம் குறைத்தார்கள், கூடவே பதிவுக் கட்டணத்தை 1-இலிருந்து 4 சதவீதமாக ஏற்றினார்கள். பத்திர விலை இறங்கியது, நிஜ விலை அப்படியே நின்றது.

2018-இல் குறிஞ்சி பூத்தது, கூட்டம் வந்தது. நவம்பர் 16 அன்று கஜா புயல் கொடை வரை ஏறி வந்து மரங்களைச் சாய்த்தது. அந்தக் காலத்தில்தான் அனுமதியில்லாத, அனுமதியை மீறிய கட்டடங்கள் மீது உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுகள் வந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் பட்டியலுக்குள் வந்தன. 2019-இல் லாட்ஜுகளுக்குச் சீல் விழுந்தது. ஓடிக்கொண்டிருந்த லாட்ஜை வாங்க அட்வான்ஸ் கொடுத்தவர்கள் அலைந்த அலைச்சல் நமக்குத் தெரியும்.

2020 மார்ச்சிலிருந்து மாதக்கணக்கில் ஊரே மூடிக்கிடந்தது. அப்புறம் வீட்டிலிருந்தே வேலை என்று ஒரு அலை. பெங்களூர், சென்னை ஐடி ஆட்கள் நெட் கிடைக்கிற மலைமேட்டைத் தேடி வந்தார்கள். 2021, 2022 இரண்டும் தரகர்களின் பொற்காலம்.

2023 ஏப்ரல் 1 அன்று வழிகாட்டி மதிப்பு மீண்டும் 2017 ஜூன் 8 நிலைக்குப் போனது, பதிவுக் கட்டணம் 2 சதவீதமானது. 2024 ஜூலை 1 முதல் புதிய மதிப்புகள். அதற்கு முன்பே, 2024 மே 7 முதல் ஊருக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ். 2025 ஏப்ரலிலிருந்து சீசன் முடியும்வரை வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று உச்சவரம்பு.

இந்தப் பட்டியலில் "தேவை கூடியது" என்று சொல்லத்தக்க வருடங்கள் இரண்டுதான். மற்றதெல்லாம் உத்தரவு, சுற்றறிக்கை, புயல். சமவெளியில் ரிங் ரோடு வந்தால் விலை ஏறும். இங்கே ஒரு ஜிஓ (அரசாணை) வந்தால் ஏறும், ஒரு தீர்ப்பு வந்தால் இறங்கும். வேறு கருத்து இருப்பவர்கள் சொல்லுங்கள்.

---

வைகைக்கரை

ஐயா, சரியான நேரத்தில் இழை தொடங்கியிருக்கிறீர்கள். நானும் வீட்டுக்காரரும் மதுரையில் ஆசிரியர்கள். வில்பட்டிப் பக்கம் பத்து சென்ட் பார்த்திருக்கிறோம். பெரிய தோட்டம் ஒன்றைப் பிரித்து விற்கிறார்கள். வேலி, கேட், உள்ளே மண் ரோடு எல்லாம் போட்டிருக்கிறார்கள். "இது மனை இல்லை மேடம், ஃபார்ம் பிளாட். விவசாய நிலமாகவே பத்திரம். அதனால் அங்கீகாரம் தேவையில்லை" என்கிறார் தரகர். இந்த வருடம் விட்டால் அடுத்த வருடம் இரட்டிப்பாகிவிடும் என்றும் சொல்கிறார். வாங்கலாமா?

---

பத்திரப்புலி

வைகைக்கரை மேடம், அவசரப்படாதீர்கள்.

விவசாய நிலத்தை விவசாய நிலமாக வாங்குவது குற்றமில்லை. தமிழ்நாட்டில் விவசாயி அல்லாதவரும் வாங்கலாம், கர்நாடகாவில் முன்பு இருந்ததுபோன்ற தடை இங்கே இல்லை. பிரச்சினை வேறு இடத்தில். பெரிய தோட்டத்தைப் பத்துப் பத்து சென்ட்டாக வெட்டி, நடுவில் ரோடு விட்டு விற்றால் அது நடைமுறையில் மனைப்பிரிவு. பெயரை மாற்றினால் அது மாறிவிடாது. ஹாகா பட்டியலில் உள்ள கிராமத்தில் மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககம் வழியாக அனுமதி வேண்டும். அதற்கு வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, புவியியல் மற்றும் சுரங்கத் துறை, வருவாய்த் துறை என்று ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டும். இந்த அலைச்சலைத் தவிர்க்கத்தான் "ஃபார்ம் பிளாட்" என்ற பெயர்.

பத்திரம் பதிவாகிவிடும், பட்டாவும் வரலாம். வீடு கட்ட பிளான் போடும் நாளில்தான் கதை தெரியும். பிளான் அப்ரூவல் இல்லாமல் வங்கி வீட்டுக் கடன் தராது. கட்டினாலும் ஒரு நாள் நோட்டீஸ் வரும்.

"எல்லாம் ரெகுலரைஸ் ஆகிவிடும்" என்றும் அடுத்து சொல்வார்கள். மலைப் பகுதிக்கென்று 2020-இல் தனியாக வரன்முறைத் திட்டம் வந்தது உண்மை. ஆனால் அது 2016 அக்டோபர் 20-க்கு முன்பு பிரிந்த மனைகளுக்கு. நேற்று வெட்டிய தோட்டத்துக்கு அது எப்படிப் பொருந்தும்?

விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கள் ஃபார்ம் பிளாட்டில் வீடு கட்ட அனுமதி வாங்கிய ஒருவரின் பிளானைக் காட்டுங்கள்." பதில் வரும் வேகத்தை வைத்தே முடிவெடுத்துவிடலாம்.

---

கமிஷன்_ரெண்டு

தரகர்கள் எல்லாம் திருடர்கள் என்று ஒரு இழை வருடத்துக்கு ஒருமுறை வராவிட்டால் இந்தத் தளத்துக்குத் தூக்கம் வராது போல. நானும் தரகன்தான், மறைக்கவில்லை.

ஏரிச்சாலை அண்ணன் சொன்ன பட்டியல் முழுக்க உண்மை. ஆனால் அவர் எடுக்கும் முடிவு தலைகீழ். இத்தனை கெடுபிடி இருப்பதால்தான் கொடையில் விலை ஏறுகிறது! அங்கீகரித்த மனை எத்தனை இருக்கிறது? நகராட்சிக்குள் நாயுடுபுரம், அப்சர்வேட்டரி, செண்பகனூர், ஃபெர்ன்ஹில் ரோடு பக்கம் சுத்தமான பத்திரத்தோடு காலி இடம் விற்பனைக்கு வந்தால், போர்டு மாட்டும் முன்பே போய்விடும். சுற்றிலும் காப்புக்காடு. 2013-இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவித்தார்கள், அறுநூறு சதுர கிலோமீட்டருக்கு மேல். ஊர் எந்தப் பக்கம் வளரும்? புதிதாக நிலம் உற்பத்தியாகாது அண்ணே. ஒவ்வொரு உத்தரவும் இருக்கிற நல்ல இடத்தின் மதிப்பைக் கூட்டத்தான் செய்கிறது.

தீர்ப்பு வந்தால் விலை இறங்கும் என்றீர்கள். 2019-இல் சீல் விழுந்தபோது எது இறங்கியது? சீல் விழுந்த லாட்ஜ் இறங்கியது. பிளான் அப்ரூவலோடு இருந்த பழைய பங்களாவைக் கேட்டுப் பாருங்கள், அன்றைக்கு ஒரு ரூபாய்கூட இறங்கவில்லை.

---

ஏரிச்சாலை

கமிஷன்_ரெண்டு தம்பி சொல்வதில் பாதியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவரே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் சொல்லிவிட்டார். கொடையில் சந்தை ஒன்று இல்லை, இரண்டு. காகிதம் சுத்தமான இடம் ஒன்று, மற்றது எல்லாம் இன்னொன்று. முதல் சந்தையில் சரக்கு இல்லை. அதன் விலையை வாயில் சொல்லி, இரண்டாவது சந்தையில் விற்கிறார்கள். "ஃபெர்ன்ஹில் ரோட்டில் இந்த விலைக்குப் போனது, உங்களுக்கு அதில் கால்வாசிக்கே தருகிறேன்" என்றால் எவருக்கும் ஆசை வரும். அந்தக் கால்வாசியும் அதிகம் என்பதுதான் விஷயம், ஏனென்றால் அங்கே வீடு கட்ட முடியாது.

வழிகாட்டி மதிப்பு ஏறினால் விலையும் ஏறியதாகச் சிலர் நினைக்கிறார்கள். ஒரு கணக்கு போடுவோம். 2017-க்கு முன் 10 லட்சம் மதிப்பிருந்த இடம், 33 சதவீதக் குறைப்புக்குப் பின் 6.7 லட்சம். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 4, ஆக 11 சதவீதம்: 73,700 ரூபாய். 2023 ஏப்ரலில் மதிப்பு மறுபடி 10 லட்சம், கட்டணம் 9 சதவீதம்: 90,000 ரூபாய். "கட்டணத்தைக் குறைத்துவிட்டார்கள்" என்று செய்தி வந்த நாளில் வாங்குபவரின் செலவு பதினாறாயிரம் கூடியது. நிலத்தின் மதிப்பில் எந்த மாற்றமும் இல்லை. இதையும் "2023-இல் ஐம்பது சதவீதம் ஏற்றம்" என்று போஸ்டர் போட்டு விற்றார்கள்.

---

பூம்பாறைப்_பூண்டு

நான் மேல்மலைக்காரன். விற்கிறவர்கள் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் நிலம் விற்பவர் யாரும் விலை நன்றாக இருக்கிறது என்று விற்பதில்லை. கேரட் விலை விழுந்த வருடம், உருளைக்கு விதை வாங்கிய கடன் கட்ட முடியாத வருடம், பெண்ணுக்குக் கல்யாணம் வைத்த வருடம், அப்போதுதான் விற்கிறார்கள். 2019-இல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பேப்பரில் படம் வந்தது. நிலம் விற்பது நின்றதா என்றால் நிற்கவில்லை. காட்டுமாடும் பன்றியும் வந்து போன பிறகு மிச்சம் இருப்பதைத்தான் நாங்கள் மண்டிக்கு அனுப்புகிறோம்.

வாங்குபவர் ஏக்கராக வாங்குகிறார். ஒரே வருடத்தில் வேலி வந்துவிடும். வேலிக்குப் பின்னால் பூண்டு இருக்காது, ஒரு போர்டு இருக்கும். அடுத்த வருடம் அதே நிலத்தை சென்ட் கணக்கில் விற்பார்கள். நாங்கள் ஏக்கருக்கு வாங்கிய தொகையையும் அவர்கள் சென்ட்டுக்கு வாங்கும் தொகையை நூறால் பெருக்கியும் பார்த்தால் வயிறு எரியும். வருடாந்தர விலையேற்றம் என்று நீங்கள் எழுதுவதில் பெரும்பகுதி இதுதான். நிலம் அங்கேயேதான் இருக்கிறது, அளவுகோல்தான் ஏக்கரிலிருந்து சென்ட்டுக்கு மாறியது.

இன்னொன்று, வேலி போட்டவுடன் ஓடைக்குப் போகிற பாதை மூடிவிடும். கீழே இருக்கும் தோட்டத்துக்குத் தண்ணீர் வராது. இதற்காகவே எங்கள் பக்கம் எத்தனை பஞ்சாயத்து நடந்திருக்கிறது தெரியுமா?

---

கமிஷன்_ரெண்டு

பூம்பாறை அண்ணே, இதற்கு என்னிடம் பதில் இல்லை. நூறால் பெருக்குவது உண்மைதான். ஆனால் ரோடு, வேலி, லெவல் செய்வது, நாலு வருட வட்டி, எல்லாம் அதற்குள் இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

பூம்பாறைப்_பூண்டு

லெவல் செய்ததில்தான் மண்ணே போனது தம்பி.

---

அட்டுவம்பட்டி_அக்கா

நான் ஹோம்ஸ்டே நடத்துகிறேன். முதலீட்டுக்கு வாங்க நினைப்பவர்களுக்கு மட்டும் இந்தப் பதிவு.

2021, 2022-இல் வீடு வாங்கியவர்கள் எல்லோரும் ஒரே கணக்கைத்தான் காட்டினார்கள்: "வருடம் முழுக்க ரூம் ஓடும், இஎம்ஐ தானாகக் கட்டிக்கொள்ளும்." ஒரு உதாரணத்துக்குப் போட்டுப் பார்ப்போம். நிலமும் வீடுமாக 90 லட்சம் என்று வையுங்கள். இரண்டு அறை, ஒரு இரவுக்கு 2,500 ரூபாய். இரண்டு அறையும் வருடத்தில் 100 இரவு நிறைந்தால் 5 லட்சம். புக்கிங் தளத்துக்கு 15 சதவீதம் போனால் 75,000. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு மாதம் 15,000, வருடத்துக்கு 1,80,000. கரண்ட், துணி துவைப்பு, மழைக்கு அப்புறம் பெயிண்ட், ஒழுகல் எல்லாம் சேர்த்து ஒரு லட்சம். மிச்சம் 1,45,000. முதலீட்டில் இது 1.6 சதவீதம். போஸ்ட் ஆபீஸில் போட்டால் இதைவிட அதிகம் வரும், குளிரிலும் நடுங்க வேண்டாம்.

நூறு இரவுக்கு மேல் நிறையாதா என்று கேட்பீர்கள். ஏப்ரல், மே நிறையும். பூஜை விடுமுறை, தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல், நீண்ட வார இறுதிகள். மற்ற நாட்களில் பனியும் நானும்தான். இ-பாஸ் வந்த பிறகு திடீரென்று கிளம்பி வருகிற கூட்டம் குறைந்திருக்கிறது. பாஸ் எடுப்பது கஷ்டமில்லை, இலவசம்தான். ஆனால் "பாஸ் கிடைக்குமோ கிடைக்காதோ" என்று யோசித்து மூணாறுக்கோ ஏற்காட்டுக்கோ வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். உச்சவரம்பு வந்த சீசன் மாதங்கள்தான் எங்கள் வருடச் சம்பாத்தியத்தில் பெரும்பகுதி வரும் மாதங்கள் என்பதை மறக்கக்கூடாது.

அதே சமயம் உச்சவரம்பே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். மே மாதத்தில் பெருமாள்மலையிலிருந்து ஏரி வரை வண்டிகள் நின்ற வரிசையில் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டதை நாங்கள் பார்த்திருக்கிறோம். எத்தனை வண்டி தாங்கும் என்று ஆய்வு செய்ய ஐஐடி சென்னையையும் ஐஐஎம் பெங்களூரையும் நீதிமன்றம் கேட்டிருக்கிறது. அந்த அறிக்கை என்ன சொல்கிறதோ அதை வைத்துத்தான் அடுத்த சில வருட வாடகை. வாடகையை நம்பி நிலம் வாங்குபவர்கள் அதுவரை பொறுத்திருந்தால் நல்லது.

---

கோத்தகிரிக்_குளிர்

நீலகிரிப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்க்கிறேன். எங்கள் கதையும் இதேதான், பாத்திரங்கள்தான் வேறு. உங்களுக்குப் பூண்டும் கேரட்டும், எங்களுக்குத் தேயிலை. பச்சைத் தேயிலை விலை விழும் வருடங்களில் சிறு விவசாயிகள் ஒரு ஏக்கர், அரை ஏக்கர் என்று விடுகிறார்கள், அடுத்த வருடம் அங்கே காட்டேஜ் முளைக்கிறது.

ஏரிச்சாலை சொன்ன "உத்தரவுதான் விலை" என்பதற்கு எங்கள் மாவட்டத்தைவிடப் பெரிய சாட்சி கிடையாது. சீகூர் யானை வழித்தடத்தை 2010-இல் அரசு அறிவித்தது. 2011-இல் உயர் நீதிமன்றம் அதைச் சரி என்றது. மேல்முறையீடு ஓடிக்கொண்டிருந்த காலம் முழுக்க மசினகுடிப் பக்கம் "எப்படியும் ஜெயித்துவிடுவோம்" என்ற நம்பிக்கையில் கைமாற்றங்கள் நடந்தன. 2018-இல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி ரிசார்ட்டுகளுக்குச் சீல். 2020 அக்டோபர் 14 அன்று வழித்தடம் செல்லும் என்று இறுதித் தீர்ப்பு. பத்து வருடம் விலையைத் தாங்கிப் பிடித்த நம்பிக்கை ஒரே நாளில் போனது. கூடலூரில் 1969-ஆம் ஆண்டு ஜன்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் வரும் குத்தகைத் தோட்ட நிலம் இன்னும் தீராத கதை. பட்டா இல்லை, மின் இணைப்புக்கே போராட்டம், ஆனாலும் வாங்க வருகிறார்கள்.

மண்சரிவைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை. 2009 நவம்பரில் எங்கள் மாவட்டத்தில் நாற்பது பேருக்கு மேல் போனார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை. 2024 பிப்ரவரியில் லவ்டேல் பக்கம் கட்டட வேலையில் ஆறு பெண்கள் புதைந்து இறந்தார்கள். அதே வருடம் ஜூலை 30 அன்று வயநாடு. அதற்கப்புறம் ஒரு ஆறு மாதம் வாங்க வருபவர்கள் எல்லோரும் முதலில் சரிவைப் பற்றித்தான் கேட்டார்கள். மேட்டு நிலத்துக்கு வியூ இருக்கிறது என்று கூடுதல் விலை சொல்லும் வழக்கம் கொஞ்சம் அடங்கியது. இப்போது மறுபடி வியூவுக்கே விலை. ஜனங்களின் மறதிக்கும் ஒரு சந்தை சுழற்சி இருக்கிறது.

---

ஷார்ஜாவாசி

வணக்கம். நான் வெளிநாட்டில் இருக்கிறேன், இந்தியப் பாஸ்போர்ட்தான். பண்ணைக்காடு பக்கம் இரண்டு ஏக்கர் காபித் தோட்டம் வருகிறது. ஓய்வுக்கு அப்புறம் வந்து உட்கார ஆசை. பவர் பத்திரம் அனுப்பினால் போதும், அங்கே முடித்துவிடலாம் என்கிறார்கள். விலை நியாயமா என்று மட்டும் சொல்லுங்கள்.

---

பத்திரப்புலி

விலை நியாயமா என்பதற்கு முன், நீங்கள் வாங்கவே முடியுமா என்று பார்ப்போம். முடியாது. வெளிநாடுவாழ் இந்தியர் வீடும் மனையும் தாராளமாக வாங்கலாம். விவசாய நிலம், தோட்ட நிலம், பண்ணை வீடு, இந்த மூன்றையும் ஃபெமா எனும் அந்நியச் செலாவணிச் சட்டப்படி விலை கொடுத்து வாங்கக்கூடாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். காபித் தோட்டம் எந்தப் பக்கம் விழுகிறது என்று நானே சொல்ல வேண்டியதில்லை. பவர் பத்திரம் கொடுத்து அடுத்தவர் கையெழுத்துப் போட்டாலும் வாங்குவது நீங்கள்தான். ஊருக்குத் திரும்பி வந்து இங்கேயே தங்கிய பிறகு வாங்குங்கள். தோட்டம் எங்கும் ஓடிப்போகாது.

வரி பற்றித் தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள், இங்கேயே எழுதிவிடுகிறேன். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய நிலம், வீட்டை விற்றால், இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கு இரண்டு வழி: பணவீக்கக் கழிவு இல்லாமல் 12.5 சதவீதம், அல்லது கழிவோடு 20 சதவீதம். எது குறைவோ அது. அந்தத் தேதிக்குப் பிறகு வாங்கியதற்கு 12.5 மட்டும்தான். இதனால் வருடம் 6, 7 சதவீதம்தான் ஏறும் இடங்களை நீண்ட காலம் வைத்திருப்பதில் முன்பிருந்த லாபம் இனி இல்லை. "பத்து வருடம் போட்டுவை" என்று அறிவுரை சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

கிராமப்புற விவசாய நிலத்துக்கு இந்த வரி கிடையாது. கொடை நகராட்சியின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 36,501. பத்தாயிரத்துக்கு மேல், ஒரு லட்சத்துக்குள். எனவே நகராட்சி எல்லையிலிருந்து நேர்கோட்டில் 2 கிலோமீட்டருக்கு வெளியே இருக்க வேண்டும். ரோட்டு தூரம் கணக்கில்லை. கொண்டை ஊசி வளைவில் எட்டு கிலோமீட்டர் போனாலும் நேர்கோட்டில் ஒன்றரையாக இருக்கலாம், அளந்து பாருங்கள்.

---

வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. ஃபார்ம் பிளாட்டில் கட்டிய வீட்டின் பிளானைக் காட்டச் சொன்னேன். "ஆபீஸில் இருக்கிறது, அனுப்புகிறேன்" என்றார்கள், இன்னும் வரவில்லை. அதனால் அதை விட்டுவிட்டோம்.

பெருமாள்மலைக்கு மேலே ஏழு சென்ட் ஒன்று பார்த்தோம். பழைய வீடு உள்ளது, பிளான் அப்ரூவல் காட்டினார்கள், வீட்டு வரி ரசீதும் இருக்கிறது. விலை ஃபார்ம் பிளாட்டைவிட இரண்டு மடங்குக்கு மேல். கொஞ்சம் சரிவு. தண்ணீர் தாராளமாக வரும் என்கிறார்கள். எப்போது போய்ப் பார்த்தால் சரியாகத் தெரியும்?

---

பூம்பாறைப்_பூண்டு

இரண்டு தடவை பாருங்கள் அக்கா. ஒன்று நவம்பரில், வடகிழக்கு மழை பலமாக இருக்கும்போது. மேலே இருந்து வரும் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, தடுப்புச் சுவரில் விரிசல் இருக்கிறதா, சுவரில் தண்ணீர் வெளியேற ஓட்டை விட்டிருக்கிறார்களா, பின்சுவர் ஓதம் ஏறியிருக்கிறதா என்று அன்றைக்குத் தெரியும். இன்னொன்று ஏப்ரல் கடைசியில். தண்ணீர் தாராளம் என்ற பேச்சின் நிறம் அப்போது வெளுக்கும். பக்கத்து வீட்டில் லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா என்று கேளுங்கள். விற்பவரைக் கேட்காதீர்கள், பால் ஊற்றுபவரைக் கேளுங்கள். போர் போட்டுக்கொள்ளலாம், ஜேசிபி வைத்து லெவல் செய்துகொள்ளலாம் என்று சொன்னால் நம்ப வேண்டாம். மலையில் இரண்டுக்கும் அனுமதி வேண்டும், சுலபமாகக் கிடைக்காது.

வெயில் காலத்தில் ஒரு மணி நேரம் வந்து, டீ குடித்து, வியூ பார்த்து அட்வான்ஸ் கொடுப்பவர்களால்தான் எங்கள் ஊரில் விலை கெட்டது.

---

கமிஷன்_ரெண்டு

மேடம், அந்த இடம் எனக்குத் தெரிந்த இடமாக இருக்கலாம். நான் உள்ளே நுழையவில்லை. ஆனால் இரண்டு மடங்கு என்று பயப்பட வேண்டாம். அந்த இரண்டாவது மடங்கு அப்ரூவலுக்குத்தான். அட்வான்ஸை ரொக்கமாகக் கேட்டால் மறுத்துவிடுங்கள். 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால் விற்பவருக்கே அபராதம். தரகனே சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று சேர்க்க வேண்டும். பழைய பிளான் எத்தனை சதுர அடிக்கு, இப்போது நிற்கும் வீடு எத்தனை சதுர அடி என்று அளந்து பாருங்கள். கொடையில் பாதி வீடுகளில் பின்னால் ஒரு அறை "தானாக" வளர்ந்திருக்கும்.

---

ஏரிச்சாலை

இப்போதுதான் இந்த இழை நான் நினைத்த இடத்துக்கு வந்தது. வைகைக்கரை மேடம், அந்த ஏழு சென்ட்டின் சர்வே எண்ணை வைத்துப் பதிவுத் துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பழைய கிரயங்கள் வரிசையாக வரும், ஒவ்வொன்றிலும் தொகை இருக்கும். அதே சர்வே எண்ணின் பக்கத்து உட்பிரிவுகளுக்கும் போடுங்கள். நிஜ விலை தெரியாது, ஆனால் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை கைமாறுகிறது என்று தெரியும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கைமாறும் இடமென்றால், வாங்கியவர்கள் ஏன் நிற்கவில்லை என்று விசாரிக்க வேண்டும். ஒரே குடும்பத்திடம் முப்பது வருடம் இருந்து இப்போது வருகிறதென்றால் மூலப்பத்திரத்தையும் வாரிசுகளையும் பார்க்க வேண்டும்.

ஆசிரியர் சம்பளத்தில் வாங்குவதால் ஒன்று. 2025 ஏப்ரல் முதல் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் சலுகை என்பது 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்துக்கு மட்டும். கொடையில் அப்ரூவலோடு கூடிய வீடு அந்த வரம்புக்குள் வராது, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். 50 லட்சத்தைத் தொட்டால் ஒரு சதவீதம் டிடிஎஸ் (விற்பவருக்குத் தரும் தொகையில் வரிப் பிடித்தம்) பிடித்துக் கட்டுவது உங்கள் பொறுப்பு.

---

வைகைக்கரை

வில்லங்கம் போட்டுவிட்டேன் ஐயா, 1994-க்கு அப்புறம் கைமாறவில்லை. விற்பவர் மூன்று அண்ணன் தம்பிகளில் ஒருவர், மற்ற இருவர் கையெழுத்துப் போடுவார்கள் என்கிறார். எஃப்எம்பி (புல அளவை) வரைபடம் கேட்டால் மட்டும் "பிறகு தருகிறேன்" என்று இழுக்கிறார்.

---

பத்திரப்புலி

எஃப்எம்பியை அவர் தர வேண்டியதே இல்லை. வருவாய்த் துறையின் இ-சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்து நீங்களே எடுக்கலாம், இல்லாவிட்டால் தாலுகா ஆபீஸில் மனுப் போடலாம். எடுத்துவிட்டு உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து இடத்தில் அளந்து பாருங்கள். அவர் இழுப்பதைப் பார்த்தால் ஏழு சென்ட் ஆறாக இருக்கலாம், அல்லது அந்தத் தடுப்புச் சுவர் பக்கத்து நிலத்தில் நிற்கலாம். சகோதரர்களின் கையெழுத்து மட்டும் போதாது. சகோதரிகள் உண்டா என்று வாரிசுச் சான்றில் பாருங்கள். அளந்த பிறகு என்ன வந்தது என்று இங்கே எழுதுங்கள், அக்ரிமென்ட் வாசகம் நான் சொல்கிறேன்.